குட்டிக்குக் குளியல்: வீட்டிலா, கடையிலா, வாசலுக்கு வரும் வண்டியிலா?

எங்கள் முதல் நாய் ஒரு காக்கர் ஸ்பானியல். 12 வருடம் எங்களோடு இருந்தான். குட்டியிலிருந்தே, நாய்களைக் குளிப்பாட்டி முடியும் நகமும் வெட்டிவிடும் குரூமிங் கடைக்குத்தான் போனான். மாதம் ஒருமுறை கொண்டுபோய் விடுவோம், மணக்க மணக்கத் திரும்பி வருவான். நகம் வெட்டுகிற நாளைத் தவிர குறை சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. கடைசி வருடங்களில் வாய்மூடி மாட்டி, இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, மூன்றாவது ஆள் வெட்டினார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அதே இனத்தில் இரண்டாவது குட்டி. உடம்பு முழுக்கக் கறுப்பு, அதனால் மிளகு என்று பெயர். 8 வாரத்தில் வீட்டுக்கு வந்தாள், இப்போது 14 மாதம். இந்தத் தடவை குளியல், சீவல், நகம் எல்லாவற்றையும் வீட்டிலேயே பழக்கினோம். ஆகவே கீழே வருவதை நடுநிலையான தீர்ப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டவன் எழுதுவது இது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். கடைக்குப் போனால் காசு போகும், வீட்டில் செய்தால் இடுப்பு போகும். நாய் உதறினால் சுவரும் சேர்ந்து குளிக்கும், தண்ணீர் போகும் வழியை முடி அடைக்கும். வாசலுக்கே வரும் குரூமிங் வண்டி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பயணம் இல்லை, பிற நாய்களின் குரைப்பு இல்லை, கழுவிவிடும் வேலையும் இல்லை. காரில் ஏறினாலே வாந்தி எடுக்கும் குட்டிக்கு அது வரப்பிரசாதம்தான். ஆனால் சின்ன இடம், உள்ளேயே மோட்டார் இரைச்சல். நான் அதை அழைத்ததே 2 முறைதான், அதுவும் மூத்தவனுக்கு வயதான பிறகு. அதனால் வண்டியைப் பற்றி இதற்குமேல் அடித்துப் பேச மாட்டேன்.

கடைக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நல்ல குரூமரின் கை வேகம் நமக்கு வராது. உயரமான மேசை, வலுவான டிரையர், விதவிதமான கத்தரிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. முடி வளர்ந்துகொண்டே போகும் பூடில், ஷீட்ஸு போன்ற இனங்களுக்கு முடிவெட்டு என்பது தனிக் கலை. நான் ஒருமுறை மிளகின் காதோர முடியைச் சீர் செய்கிறேன் என்று இறங்கி, இரண்டு வாரத்துக்கு அவள் ஒரு பக்கம் மட்டும் முடிவெட்டியவள்போல் திரிந்தாள்.

கடையின் சிக்கல் திறமையில் இல்லை, காலக்கணக்கில் இருக்கிறது. நாய்க்குட்டி புதியவற்றை எளிதாக ஏற்றுக்கொள்ளும் பருவம் சுமார் 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைதான். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்துப் பார்த்து, 1965-இல் விரிவாக எழுதி வைத்த விஷயம் இது. அந்த வயது கடந்தபின் பழக்கவே முடியாது என்றில்லை, உழைப்பு பல மடங்கு கூடும். மறுபக்கம், குட்டிக்கான தடுப்பூசித் தொடர் 16 வாரம் வரை நீளும். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ என்ற வைரஸ் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியது. பல நாய்கள் வந்துபோகும் இடத்துக்கு ஊசி முடியாத குட்டியைக் கொண்டுபோவது சரியில்லை, பொறுப்பான கடைக்காரரும் சேர்க்க மாட்டார். ஆக, கடைக்கதவு நமக்குத் திறக்கும்போது குட்டியின் மனக்கதவு பாதி சாத்தியிருக்கும். பிற்பாடு கடையையே நம்பப்போகிறவர்களும் முதல் இரண்டு மாத வேலையை வீட்டில் செய்துதான் ஆக வேண்டும்.

அந்த வேலை என்ன? மிளகுக்கு முதல் வாரம் தண்ணீரே கிடையாது. காய்ந்த தொட்டி, அடியில் ஒரு ரப்பர் விரிப்பு, அவ்வளவுதான். குட்டிகள் பயப்படுவது பெரும்பாலும் தண்ணீருக்கு என்று நினைக்கிறோம். கால் வழுக்குவதுதான் பாதிப் பயம். தொட்டிச் சுவரில் கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய் தடவிவைப்போம். நின்று நக்கி முடித்ததும் வெளியே தூக்கிவிடுவோம். (வாங்கும்போது ஜாடியின் பின்பக்கம் பாருங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருந்தால் அது நாய்க்கு விஷம்.) இரண்டாவது வாரம் கால் நனையும் அளவு தண்ணீர், மூன்றாவது வாரம்தான் உடம்பு. ஷவரைத் திறக்கவே இல்லை. மக்கில் மொண்டு, தோளிலிருந்து வால் நோக்கி மெதுவாக ஊற்றினோம். தலைக்கு ஈரத்துணி மட்டும். நாயின் உடல் வெப்பமே 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், எனவே நம் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும், சூடு வேண்டாம். ஷாம்பூ நாய்க்கானதாக இருக்கட்டும். நம் தோலின் அமிலத்தன்மை வேறு, நாய்த்தோல் நடுநிலைக்குப் பக்கத்தில் இருப்பது. சீவலைக் குளியலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சிக்கு விழுந்த முடியில் தண்ணீர் பட்டால் அது இன்னும் இறுகிவிடும்.

டிரையருக்கும் இதே நிதானம்தான். அடுத்த அறையில் ஓடவிட்டு, இங்கே தீனி. நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே. அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது, அதுவரை டவல்தான். கடையில் இந்த ஒரு மாதத்தை யார் தருவார்கள்? அடுத்த நாய் காத்திருக்கும்.

சரி, இப்போது நகம். என்னைப் பொறுத்தவரை மொத்த ஒப்பீடும் இதில்தான் முடிவாகிறது. ஒரு குளியல் நன்றாக நடக்கவில்லை என்றால் நாலு நாள் நாற்றத்தோடு இருக்கலாம், ஒன்றும் ஆகாது. நகம் அப்படி விடாது. நீண்ட நகம் தரையில் இடிக்கும்போது விரல்கள் ஒருக்களிக்கும், கால் வைக்கும் விதமே மாறும். நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் உள்சதை ஒன்று இருக்கிறது. வெட்டாமல் விட விட நகத்தோடு சேர்ந்து அதுவும் நீளும். அப்புறம் குட்டையாக வெட்ட நினைத்தாலும் வலிக்காமல் வெட்ட முடியாது. அடிக்கடி துளித்துளியாக நறுக்கிவந்தால் அந்த உள்சதை மெல்லப் பின்வாங்கும். அதாவது நகத்துக்கு வேண்டியது வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம். கடை ஏற்பாடோ மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக. மூத்தவன் விஷயத்தில் இந்தக் கணக்குதான் எங்களை ஏமாற்றியது. ஒவ்வொரு முறையும் நகம் நீண்டிருக்கும், ஒவ்வொரு முறையும் அவசரமாக வெட்டப்படும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வலிக்கும். வருடத்துக்குப் பன்னிரண்டு கெட்ட பாடங்கள்.

மிளகிடம் நகவெட்டியை எடுக்கும் முன் இரண்டு வாரம் பாதத்தை மட்டும் பிடித்தோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைக் கற்றுக்கொள்ள எனக்கே பத்து நாள் ஆனது. நான் முதலில் தீனியைக் காட்டி, அவள் தின்னும்போது பாதத்தைப் பிடித்தேன். நாலாம் நாள் தீனி டப்பா திறக்கும் சத்தம் கேட்டதும் சோபாவுக்கு அடியில் போய்விட்டாள். தீனி வந்தால் பின்னாலேயே ஆபத்து வரும் என்று நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! வரிசையை மாற்றினோம். முதலில் தொடுதல், ஒரு நொடி நிதானம், பிறகு தீனி. மணி அடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறும்படி பழக்கினாரே ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், அவருடைய நாய்க்கும் மணி முதலில் அடித்து உணவு பிறகுதான் வந்தது. அதே வரிசை. ஒரு வாரத்தில் அவளே முன்னங்காலை நீட்ட ஆரம்பித்தாள். நகவெட்டியின் ‘க்ளிக்’ சத்தத்தைக் காற்றில் மட்டும் ஒலிக்கவைத்தோம், பிறகு தீனி. அதன்பின் ஒரு நாளைக்கு ஒரே ஒரு நகம்.

அவள் உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிடுவோம். நிறுத்தும் உரிமை தன்னிடம் இருப்பது குட்டிக்குப் புரிந்துவிட்டால் அது இழுத்துப் போராட வேண்டியதில்லை.

கறுப்பு நாய்க்குக் கறுப்பு நகம். வெள்ளை நகத்தில் உள்சதை இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பில் ஒன்றும் தெரியாது. மெல்லிய சீவலாக நறுக்கி, ஒவ்வொரு தடவையும் வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கரும்புள்ளி தலைகாட்டினால் அதோடு நிறுத்த வேண்டும். ஆறாவது மாதத்தில் ஒருநாள் நான் புள்ளியைக் கவனிக்காமல் வெட்டிவிட்டேன். ஒரு சின்ன வீறிடல், தரையெல்லாம் ரத்தப் பொட்டு. ரத்தம் நிறுத்தும் பொடி கையில் இல்லை, சோளமாவை அமுக்கிப் பிடித்தேன், நின்றது. வலது முன்னங்காலைத் தொடவிட மறுபடியும் மூன்று வாரம் பிடித்தது. வீட்டில் தவறே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. நடந்த தவறைச் சரிசெய்ய மறுநாளே அதே கையால் உட்கார முடிகிறது, அதுதான் வித்தியாசம்.

என் அனுபவம் குட்டியிலிருந்து வளர்த்த இரண்டு நாய்களோடு முடிகிறது. ஏற்கெனவே அடிபட்டு, பயந்து, கடிக்கவும் தயாராக வந்து சேரும் வளர்ந்த நாய்க்கு நான் சொன்ன வேகம் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே முதலில் கால்நடை மருத்துவர்தான். அதேபோல் வீட்டில் யாருக்கும் தினம் ஐந்து நிமிடம் பொறுமையாக உட்கார முடியாது என்றால், அரைகுறையாக இழுத்துப் பிடித்து வெட்டுவதைவிட நல்ல கடையே மேல். கடை தேடுபவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: கூண்டுக்குள் அடைத்துச் சூடான காற்றில் காயவைப்பார்களா? பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இப்போது எங்கள் ஏற்பாடு கலவையானது. சீவல் தினமும், நகம் வாரம் ஒருமுறை, குளியல் மாதம் ஒருமுறை, எல்லாம் வீட்டில். முடிவெட்டுக்கு மட்டும் 8 வாரத்துக்கு ஒருமுறை கடை. போன தடவை குரூமர் பாதத்து முடியைச் சீராக்க உட்கார்ந்தார். அவர் கேட்பதற்குள் மிளகு காலைத் தூக்கி அவர் முழங்கை மேல் வைத்துவிட்டு, தீனி எங்கே என்று என் பையைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்து நான் தீனியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.