"பாப்பா படிப்புக்கு" என்று விற்ற பாலிசி: பணம் வரும் வருடத்தைப் பாருங்கள்

2015 ஜூன். சீட்டு எடுத்த 50,000 ரூபாயை மகள் பேரில் டெபாசிட் போடலாம் என்று வங்கிக்குப் போனேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. மேனேஜர் அறைக்குப் பக்கத்து மேஜையில் இருந்த தம்பி கூப்பிட்டு உட்காரவைத்தார். "எஃப்டியை விட நல்லது இருக்குக்கா. வருசம் 50,000, பத்து வருசம் கட்டுங்க. பாப்பா காலேஜ் போறப்ப யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம்." அவர் வங்கி ஊழியரே இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். "கம்பெனியிலிருந்து ஃபோன் வரும்கா, எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க, இல்லன்னா ஃபைல் திரும்பிடும்" என்றார். மறுநாள் வந்தது. அடுப்பில் சோறு கொதிக்க, கேட்ட அத்தனைக்கும் ஆமாம் சொன்னேன்.

ஒரு தவணை தவறவில்லை. 2020இல் தையல் கடை மூடிக் கிடந்தபோது வளையலை அடகு வைத்துக் கட்டினேன்.

2025இல் கவுன்சிலிங்கில் மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. பாண்டோடு (பாலிசிப் பத்திரம்) போனால், "மெச்சூரிட்டி 2035தான் மேடம்" என்கிறார்கள். பணம் கட்டும் காலம் 10 வருடம், பாலிசி காலம் 20 வருடம். முதல் பக்கத்திலேயே அடுத்தடுத்த வரியில் இருக்கிறது. அவளுக்கு 27 வயதாகும்போது வரும் பணம் காலேஜ் ஃபீஸுக்கு எப்படி ஆகும்? இப்போதே சரண்டர் செய்தால், அதாவது பாதியிலேயே முடித்துக்கொண்டால், கட்டிய 5 லட்சத்துக்கு 4,31,000 ரூபாய்தானாம். அதே 2015இல்தான் செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்தது. தபால் ஆபீஸில் அதே 50,000த்தை வருடாவருடம் போட்டிருந்தால் 7 லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கும். பத்தாவது முடித்ததுமே படிப்புச் செலவுக்கு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். அந்த மேஜையில் இதை யாரும் சொல்லவில்லை.

புகார் எழுதினேன். "கையெழுத்து உங்களுடையது, ஃபோனிலும் சம்மதித்திருக்கிறீர்கள்" என்று பதில். என் ஆமாம் ஒவ்வொன்றும் ரெக்கார்டில் இருக்கிறது. இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதியிருக்கிறேன். கட்டணம் கிடையாது, ஆனால் கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். ஃபீஸுக்குக் கல்விக்கடன்தான் வாங்கினோம். 4 லட்சம் வரை சொத்து ஜாமீனும் கேட்பதில்லை, கையிலிருந்து ஒரு பங்கு போடச் சொல்வதும் இல்லை. கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தோம்.

பிள்ளை படிப்புக்கென்று யாராவது பாலிசி நீட்டினால், "எந்த வருடம், எவ்வளவு கைக்கு வரும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வெரிஃபிகேஷன் ஃபோனை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள், புரியாததற்கு "புரியவில்லை" என்றே சொல்லுங்கள். பாண்டு இப்போதுதான் கைக்கு வந்தது என்றால் இன்றே முதல் பக்கத்தைப் பிரித்துப் படியுங்கள். எனக்கு 15 நாள்தான் இருந்தது, இப்போது 30 நாள். அதற்குள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் சிறு பிடித்தம் போக மீதிப் பணம் திரும்ப வரும். கொடுத்த கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.