பாசியா, கல்லா, சுடுமண்ணா: கைவேலை நகைக்கு எதில் தொடங்கலாம்?

மணி கோர்த்து நகை செய்யப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நம் கொங்குப் பக்கத்தில் மூன்று வழிகள் கண்ணில் படும். முதலாவது கண்ணாடிப் பாசி. ஆரி வேலை வீட்டுக்கு வீடு பரவிய பிறகு சின்ன ஊர் ஃபேன்ஸி ஸ்டோரிலும் அது பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது. இரண்டாவது கல்மணி. மூன்றாவது சுடுமண். மூன்றையும் ஒரே கைவேலையின் மூன்று நிறங்களாக நினைத்துத்தான் பலரும் உள்ளே வருகிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு வேலை. கல்லில் தேர்ந்தெடுப்பதுதான் வேலை, கோர்ப்பது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பாசியில் பின்னுவதுதான் வேலை. சுடுமண்ணில் மணியையே நீங்கள்தான் உருட்ட வேண்டும், அப்புறம் சுட வேண்டும்.

அதனால் 'எது அழகு' என்று பார்த்து எடுக்காதீர்கள். எந்த வேலை செய்யும்போது நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்களோ அதை எடுங்கள். என் சாய்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் கண்ணாடிப் பாசியைத்தான் சொல்வேன். அதுவும் கையில் கிடைக்கிற பாசியை அல்ல, பார்த்து வாங்கிய பாசியை.

கண்ணாடிப் பாசி

கடையில் சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், பைப் பீட்ஸ் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இவை ரவிக்கையில் தைப்பதற்காக வந்தவை. துணியில் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக நூல் பிடித்துக்கொள்வதால் ஒன்று தடிமனாகவும் ஒன்று ஒல்லியாகவும் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பின்னலில் அப்படி இல்லை. ஒரு மணிக்கு மேல் இன்னொரு மணி உட்கார வேண்டும். அளவு கொஞ்சம் மாறினாலும் பட்டை கோணும், ஓரம் அலையும். புதிதாகப் பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார். கோளாறு பெரும்பாலும் மணியில்தான் இருக்கும். இது என்னை உண்மையிலேயே வருத்தப்பட வைக்கிற விஷயம். நல்ல கை உள்ள எத்தனையோ பேர் மலிவான பாசியால் இந்த வேலையையே வெறுத்துப் போகிறார்கள்.

பாசியின் அளவை எண்ணில் சொல்வார்கள். எண் பெரிதாக ஆக மணி சிறிதாகும். 8-ஆம் எண் சுமார் 3 மில்லிமீட்டர், 11-ஆம் எண் சுமார் 2 மில்லிமீட்டர், 15-ஆம் எண் அதிலும் சிறிது, ஏறக்குறைய ஒன்றரை. ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் செய்யப்படும் மியுகி, டோஹோ இரண்டும் அளவு மாறாமல் வருவதற்குப் பெயர் பெற்றவை. மியுகியின் டெலிகா என்ற வகை குட்டிக் குழாய்த் துண்டு போல நேராக வெட்டியது. அடுக்கினால் சுவர் போல நிற்கும், எழுத்தும் படமும் பின்ன அதுவே சரி. செக் நாட்டுப் பாசி சற்று உருண்டையாக, கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். கோர்க்கும் சரத்துக்கு அந்த ஏற்ற இறக்கமே ஒரு உயிர் கொடுக்கும். ஜப்பான் பாசி விலை அதிகம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 11-ஆம் எண் உருண்டைப் பாசி ஒரு கிராமுக்கு நூறுக்கு மேல் நிற்கும். 18 அங்குலத்தில் ஒற்றைச் சரம் கோர்க்க முந்நூற்றுச் சொச்சம் மணி போதும். அதாவது மூன்று கிராம். பத்து கிராம் டப்பா ஒன்று வாங்கினால் மாதக்கணக்கில் பழகலாம்.

நிறத்தை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள்ளேயே ஊறிய நிறம் போகாது. மேலே பூசிய நிறமும், தங்கம் வெள்ளி போல மினுக்கும் மேல்பூச்சும் வேர்வை பட்டால் உரிந்து வரும். ஈரோடு, கரூர் வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்காது. நாலு மணியை எடுத்து நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சில் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 'ஏனுங்க, இது கறுக்காதுங்களே?' என்று கடையில் கேட்பதைவிட இது நம்பகமானது.

பின்னலில் முதலில் பெயோட்டி பழகலாம். ஒரு மணி விட்டு ஒரு மணிக்குள் ஊசி நுழைந்து போகிற பின்னல், இரட்டைப்படை எண்ணில் தொடங்கினால் திரும்பும் இடத்தில் சிக்கல் வராது. அது கைக்கு வந்ததும் நாலு மணி சேர்ந்து ஒரு கட்டமாகும் ரைட் ஆங்கிள் பின்னல். இந்த இரண்டும் தெரிந்தால் கம்மல், கைப்பட்டை, கழுத்தை ஒட்டிய அட்டிகை எல்லாம் செய்துவிடலாம். வெளிச்சம் நன்றாக வேண்டும், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மூக்குக் கண்ணாடியும் வேண்டும். கழுத்து வலி வரும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும்.

பாசி வேலையைப் பார்த்துக் கற்க நம் ஊரிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பழனி அடிவாரத்திலும் பேருந்து நிலையங்களிலும் ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, மணியைக் கண்ணால் பார்க்காமல் விரலால் எண்ணிக் கோர்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நிறம் மாற்றும் இடத்தை அவர்கள் முடிவு செய்கிற வேகம் வேறு. அவர்களிடம் வாங்கும்போது பேரம் பேச வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

கல்மணி

கல்லைப் பற்றிப் பேச நமக்கு உரிமை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் தொடங்கிய அகழாய்வில் பெரில் என்னும் ரத்தினக்கல், ஸ்படிகம் என்கிற பளிங்கு, ஊதா நிறச் செவ்வந்திக்கல், செந்நிறச் சூதுபவளம் என்று மணிகள் வந்தன. செய்து முடித்த மணிகளோடு பாதியில் நின்ற மணிகளும், உடைக்காத மூலக்கல்லும் சேர்ந்தே கிடைத்தன. வாங்கி அணிந்த ஊர் மட்டுமல்ல, உட்கார்ந்து செய்த ஊர் என்பதற்கு அதுதான் சாட்சி. பதிற்றுப்பத்தும் கொடுமணத்து அருங்கலத்தின் வேலைப்பாட்டைப் பாடுகிறது. பெரிலுக்கு அவர்கள் தொலைதூரம் போகவில்லை, திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற வழியில் இருக்கும் படியூரில் அது கிடைத்தது. சூதுபவளம் வெளியிலிருந்து வந்தது. குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் அந்தக் கல்லில் மணி கடைகிறார்கள். காங்கேயம் பக்கத்துச் சந்திரகாந்தக் கல்லை (மூன்ஸ்டோன்) உலக ரத்தின வியாபாரத்தில் இன்றும் ஊர்ப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள்.

இவ்வளவு பெருமை இருந்தும் தொடங்குகிறவருக்கு நான் ஏன் கல்லைச் சொல்லவில்லை? கல்லில் உங்கள் கைக்கு வேலை குறைவு. துளையிட்டு மெருகேற்றிய சரமாகத்தான் அது கடைக்கு வருகிறது. நீங்கள் செய்வது நிறம் பொருத்துவது, இடையில் ஸ்பேசர் என்கிற சின்ன இடைமணி போடுவது, கொக்கி மாட்டுவது. அழகான வேலைதான், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்ததும் அடுத்த சரம் வாங்கத் தோன்றும். பொழுதுபோக்கு மெல்ல மெல்லக் கடைக்குப் போவதாக மாறிவிடும்.

ஏமாற்றும் அதிகம். சாயம் ஏற்றிய அகேட், நீலச் சாயத்தில் முக்கி டர்காய்ஸ் என்று விற்கிற ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல், கல் பெயரில் வரும் கண்ணாடி எல்லாம் உண்டு. கன்னத்தில் வைத்தால் கல் சட்டென்று குளிரும், பிளாஸ்டிக் குளிராது. லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது உள்ளே குட்டிக் குமிழி தெரிந்தால் அது பெரும்பாலும் கண்ணாடி. துளைக்குள் மட்டும் நிறம் கெட்டியாகத் தேங்கியிருந்தால் சாயம். சாயம் ஏற்றியது என்று சொல்லி விற்றால் குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

கனத்தையும் யோசிக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் பளிங்கு மணியில் 18 அங்குல மாலை கோர்த்தால் நாற்பது கிராம் வரும். கல்யாணத்துக்கு ஒரு நாள் போடலாம். தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர் கழுத்துக்கு 4 அல்லது 6 மில்லிமீட்டர் மணி போதும். சந்திரகாந்தம் பளிங்கை விட மென்மையானது, தட்டினால் அடுக்கு வாக்கில் பிளக்கும். அதை மாலையின் நடுவில் ஒன்றாகத் தொங்கவிடுவதே நல்லது, கைக்கு வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கல் மற்ற இரண்டையும் மிஞ்சும். சரடு அறுந்தாலும் மணி அப்படியே இருக்கும். பாட்டி மாலையைப் பிரித்துப் பேத்திக்குக் கோர்க்கலாம். பாசியிலும் சுடுமண்ணிலும் இந்த ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

சரடுதான் பாதி நகை

மணிக்குக் கொடுக்கிற கவனத்தில் கால்வாசிகூடச் சரடுக்குக் கொடுப்பதில்லை. நகை கெட்டுப் போவதோ முக்கால்வாசி சரடால்தான். கல்மணியின் துளை விளிம்பு சில நேரம் கூராக இருக்கும். சாதாரண நைலான் நூலை அது நாளாக நாளாக அறுத்துவிடும். கல்லுக்குக் கியர் வயர் பொருந்தும். அது நைலான் பூசிய மெல்லிய எஃகு இழைகளின் கொத்து. உள்ளே 7 இழை இருந்தால் விறைப்பாக நிற்கும், 49 இழை இருந்தால் நூல் போலத் தழையும். விலை கூடினாலும் கழுத்து மாலைக்கு 49 இழைதான். ஒருமுறை மடங்கிய கியர் வயர் பழைய நிலைக்கு வராது, அந்த மடிப்பில்தான் பின்னால் அறும். வயர் முனையைப் பிடித்து நிறுத்தும் குட்டி உலோக மணியான கியர் லாக்கைப் பிளேயரால் அழுத்தும் முன் மாலையை வளைத்துப் பார்த்து, மணிகள் அசைய ஒரு மயிரிழை இடம் விட வேண்டும். விறைக்க இறுக்கினால் மாலை கழுத்தில் படியாமல் வளையமாக நிற்கும்.

பாசிப் பின்னலுக்கு மெழுகு தடவிய மெல்லிய நைலான் நூலும், 10 அல்லது 12-ஆம் எண் பாசி ஊசியும் போதும். தூண்டில் நரம்பு மலிவு என்று அதில் பின்னுகிறார்கள். ஒற்றை நரம்பாக இருப்பது வெயிலில் காய்ந்து உடையும், முடிச்சும் நிற்காது. எலாஸ்டிக் குழந்தைகள் கை வளையத்துக்கு மட்டும். கோர்க்கும் முன் ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டால் பிறகு தொய்வது குறையும். முத்துக்கு மட்டும் பட்டுநூல், அதுவும் மணிக்கு மணி முடிச்சு. அறுந்தாலும் ஒரு முத்துதான் உருளும்.

சுடுமண்

சுடுமண் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அடுக்குமாடியில் இருப்பவருக்குச் சொல்லமாட்டேன். நிழலில் காய வைக்க இடம் வேண்டும், சுட முற்றம் வேண்டும். வெளியில் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துவிடும், அதனால் அவசரம் ஆகாது. வீட்டு ஓவனில் சுட்டுவிட்டேன் என்கிறவர்களைப் பார்க்கிறேன். வீட்டு ஓவன் 250 டிகிரிதான் போகும். மண் திரும்ப மண்ணாகக் கரையாத நிலைக்கு வர 600 டிகிரிக்குப் பக்கம் வேண்டும். ஓவனில் வைத்தது காய்ந்த மண்தான், தண்ணீரில் போட்டால் கரையும். எருவும் உமியும் போட்டு மூட்டம் வைத்தால் அந்தச் சூடு வரும். புகையை உள்ளேயே அடக்கிவிட்டால் சிவப்பு மண் கறுப்பாக வெளியே வரும். பெயின்ட் எதுவும் பூசாமல் அந்தக் கறுப்பிலேயே விட்ட மணிதான் என் கண்ணுக்கு எல்லாவற்றிலும் அழகு.

துளையை ஈர்க்குச்சியால் போடும்போது தேவைக்கு மேல் பெரிதாகப் போடுங்கள், மண் காய்ந்து சுடும்போது சுருங்கும். பக்கத்தில் மண்பாண்டம் செய்கிறவர் சூளை வைத்திருந்தால் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒரு சட்டிக்குள் மணிகளை வைத்துக் கொடுத்தால் பானைகளோடு சேர்ந்து வெந்துவிடும்.

விற்பனை என்று வந்தால்

பொழுதுபோக்காகத் தொடங்கியவர்களிடம் சொந்தக்காரர்கள் 'விக்கலாமே' என்று சொல்லாமல் இருக்கமாட்டார்கள். சேலைக்கு ஏற்ற நிறத்தில் பெயின்ட் அடித்துக் கொடுக்கலாம் என்பதால் சுடுமண் விற்கும், ஆனால் அனுப்பும் வழியில் உடையும். கல் விற்கும், லாபத்தில் பெரும்பகுதி கல்லுக்கே போய்விடும். பாசிப் பின்னலுக்குத்தான் கூலி கட்டாது. பல சாயங்காலம் பின்னிய கைப்பட்டைக்கு உழைப்புக்கு ஏற்ற விலை கேட்டால் மெஷினில் செய்தது பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்பார்கள். அந்த விலைக்கு இறங்கிக் கொடுக்காதீர்கள், மகளுக்கோ தோழிக்கோ கட்டிவிடுங்கள்.

சரி, இந்த வாரமே தொடங்குகிறவர்களுக்கு: 11-ஆம் எண்ணில் நல்ல பாசி இரண்டு நிறம், ஒன்று வெளிர், ஒன்று அடர். பாசி ஊசி ஒரு பாக்கெட், ஏனென்றால் வளையும், உடையும். மெழுகு நூல் ஒரு கண்டு. மணி உருளாமல் இருக்க ஒரு பழைய துண்டு. பிளேயர், ஐ பின் (முனையில் வளையம் உள்ள கம்பி), ஜம்ப் ரிங் (இணைப்பு வளையம்) எல்லாம் முதல் பட்டையைப் பின்னி முடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.