டெக் பேக் படிக்க எது உதவும்? 'செட்' என்ற ஒரே சொல்லை வைத்துப் பார்த்த இரண்டு கருவிகள்

ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் டெக் பேக்கை (உடையை எப்படித் தைக்க வேண்டும் என்று படம், அளவு, தையல் விவரத்தோடு ஆங்கிலத்தில் வரும் குறிப்பு) கட்டிங் மாஸ்டருக்கும் டெய்லருக்கும் தமிழில் விளக்க, திருப்பூரில் சட்டென்று கைக்கு வருவது ஃபோனில் இருக்கும் மொழிபெயர்ப்பு ஆப். அடுத்தது ஆங்கிலம்–தமிழ் அகராதி. எது எவ்வளவு தூரம் உதவும் என்று பார்க்க 'செட்' (set) என்ற சொல்லே போதும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பு, வினையாக மட்டுமே இதற்குச் சுமார் 430 பொருள் சொல்கிறது. பனியன் கம்பெனிக்கு ஐந்தாறு போதும். ஆனால் அதில் ஒன்று மாறினாலும் துணி வீணாகும்.

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம். அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வெளிவந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஒரு சொல் எத்தனை பக்கம் கிளை விடுகிறது என்பதை இதைப்போல் காட்டும் தமிழ் நூல் அரிது. குறை என்னவென்றால், பொருள்கள் காற்புள்ளி போட்டு அடுக்கடுக்காக வரும், எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்காது. எந்தப் பொருள் எங்கே பொருந்தும் என்பதைப் படிப்பவர்தான் பிடிக்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதி 1970களின் கடைசியில்தான் சூடுபிடித்தது என்பதால் லைக்ரா கலந்த இழுவைத் துணி, சைஸ் செட் சமாச்சாரங்களை இதில் தேடுவது நியாயமில்லை.

ஆப் வேகமானது. முழு வாக்கியம் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். டெக் பேக்கில் ஏது முழு வாக்கியம்? படத்துக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு இரண்டு சொல்தான் இருக்கும். அங்கேதான் எல்லா 'செட்'டும் 'தொகுப்பு' ஆகவோ 'அமை' ஆகவோ வந்து நிற்கிறது.

அதிகம் குழப்புவது 'செட்-இன் ஸ்லீவ்'. டிசைனர் வரைபடத்தில் இப்படி எழுதியிருந்தால், கழுத்திலிருந்தே சாய்வாக வரும் ராக்லான் கை இல்லை, அக்குள் வளைவில் தனியாகப் பொருத்திய கை என்று அர்த்தம். அதே சொல் தையல் வரிசைப் பட்டியலில் வந்தால் முறையே வேறு: சைடு மூடி, கையையும் தனியாகக் குழாய்போல் மூடி, பிறகு அக்குளைச் சுற்றி ஏற்ற வேண்டும். 'ஓப்பன் ஸ்லீவ்' என்றால் தோள் சேர்த்ததும் கையைத் தட்டையாக ஏற்றிவிட்டு, கையும் சைடும் ஒரே ஓட்டத்தில் மூடுவது. முதல் முறைக்கு நேரம் கூட, அதனால் பீஸ் ரேட்டும் கூட. ஓப்பன் முறையில் கையையும் சைடையும் மூடும் தையல் அக்குள் தையலைக் கடந்து ஒரே கோடாக ஓடும். முறையை மாற்றித் தைத்தால் பையரின் க்யூசி (தரம் பார்ப்பவர்) அக்குளைத் திருப்பிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இந்த வித்தியாசத்தை அகராதியும் சொல்லாது, ஆப்பும் சொல்லாது.

'ஹீட் செட்' என்பது துணியை விரித்துப் பிடித்துச் சூடு கொடுக்கும் ஸ்டென்டர் மெஷினின் வேலை. காட்டன்–லைக்ரா சிங்கிள் ஜெர்சிக்குப் பொதுவாக 185 முதல் 195 டிகிரி செல்சியஸ், 30 முதல் 45 விநாடி. சூடு குறைந்தால் துணி சுருங்கும், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) ஏறும், ஓரம் சுருளும். கூடினால் வெள்ளை மஞ்சளாகும், இழுவை செத்துப்போகும். ஆப் இதை 'வெப்பத் தொகுப்பு' என்றால் டையிங்கில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. 'ஹீட் செட்' என்றே சொல்லிவிடலாம்.

'சைஸ் செட்' என்பது முழு ஆர்டருக்கான பல்க் கட்டிங்குக்கு முன், ஸ்மால் முதல் எக்ஸ்எல் வரை ஒவ்வொரு அளவிலும் தைத்து அனுப்பும் சாம்பிள். போலோவில் 'காலர் செட்' என்றால் ஒரு காலர், இரண்டு கைப்பட்டி.

இருப்பதிலேயே ஆபத்தானது ஆர்டரின் எண்ணிக்கைக் கட்டத்தில் வருவதுதான். பைஜாமா ஆர்டரில் 5,000 செட் என்றால் மேல் 5,000, கீழ் 5,000, ஆக 10,000 பீஸ். ஆப் அதை '5,000 தொகுப்பு' என்று சரியாகவே காட்டும், ஆனால் ஒரு தொகுப்பில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 5,000 பீஸ் என்று எடுத்து நூல் போட்டால் பாதி ஆர்டருக்குத் துணியே இருக்காது. மறுபடி போடும் நூல் வேறு லாட் (வேறு தடவை தயாரித்தது), ஷேடு ஒத்துவராமல் போகலாம்.

அகராதியை மேஜையிலும் ஆப்பைக் கையிலும் வைத்துக்கொள்ளலாம். ஆப்பில் தேடும்போது ஒற்றைச் சொல்லைப் போடாமல் முன்பின் வரியையும் சேர்த்துப் போடுங்கள். எண்ணிக்கை விஷயத்தில் மட்டும் இரண்டையும் நம்பாமல், 'ஒரு செட்டுக்கு எத்தனை பீஸ்?' என்று பையரிடம் மெயிலில் கேட்டு, பதில் வந்த பிறகே நூல் புக் பண்ணுங்கள்.