பாக்கெட் ட்ரேசர், வயர்ஷார்க், கிரிம்பிங் டூல்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் கேமரா, வைஃபை மாட்டிக் கொடுப்பது என் தொழில். கேபிள் இழுப்பதும் ரூட்டரில் பாஸ்வேர்டு மாற்றுவதும் பார்த்துப் பார்த்தே வந்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நெட்வொர்க்கிங் அடிப்படைகளைப் படிக்க ஆரம்பித்தேன். வகுப்புக்கெல்லாம் போகவில்லை. தலைப்பில் உள்ள மூன்றும்தான் வாத்தியார்: நெட்வொர்க்கைக் கணினித் திரையிலேயே கட்டிப் பார்க்கும் பாக்கெட் ட்ரேசர், கேபிளில் ஓடும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க், கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல்.

முதலில் பாக்கெட் ட்ரேசர். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் ஒரு கணக்கு தொடங்கினால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு கணினியும் ஒரு ஸ்விட்சும் வைத்துக் கேபிள் போட்டதும், ஸ்விட்ச் பக்கம் கொஞ்ச நேரம் ஆரஞ்சு நிறம் காட்டும். பழுது என்று நினைத்துக் கேபிளை அழித்து அழித்துப் போடுபவர்கள் நிறையப் பேர். அது பழுதில்லை. தகவல் சுற்றிச் சுற்றி வரும் பாதை எதுவும் உருவாகிவிடாமல், ஸ்விட்சில் உள்ள ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு கவனிக்கும் நேரம் அது. கேட்க 15 விநாடி, கற்க 15 விநாடி. சும்மா இருந்தால் தானாகப் பச்சையாகிவிடும்.

இந்த மென்பொருளின் அருமை, தகவல் நகர்வதை அடி அடியாகக் காட்டும் அதன் சிமுலேஷன் மோடில்தான் இருக்கிறது. ரூட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணினிக்கு ஒரு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பி, ஒவ்வொரு அடியாக நகர்த்திப் பாருங்கள். பிங்குக்கு முன்னால், மேக் முகவரியை விசாரிக்கும் ஏஆர்பி உறை ஒன்று கிளம்பி, கேட்வேயின் (வெளியே போகும் வாசலான ரூட்டரின்) ஐபி யாரிடம் இருக்கிறது என்று தன் பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு வரும். அப்புறம்தான் பிங் கிளம்பும். ரூட்டரைத் தாண்டும் இடத்தில் உறையைத் திறந்தால், உள்ளே வந்ததும் வெளியே போவதும் அருகருகே தெரியும்: மேக் முகவரி (கருவியின் சொந்த எண்) இரண்டும் மாறியிருக்கும், ஐபி முகவரி இரண்டும் அப்படியே இருக்கும், இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்று சொல்லும் டிடிஎல் ஒன்று குறைந்திருக்கும். லேயர் 2 (மேக்), லேயர் 3 (ஐபி) என்று பக்கம் பக்கமாகப் படித்தது அந்த ஒரு திரையில் எனக்குப் புரிந்துவிட்டது. நெட்வொர்க்கின் ஏழு அடுக்கின் (லேயர்) பெயரையும் முதலில் மனப்பாடம் செய்யச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பார்த்துவிட்டால் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

சப்நெட்டுக்குத்தான், அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு கூட்டங்களாகப் பிரிப்பதற்குத்தான், கொஞ்ச நாள் பிடித்தது. எங்கள் பக்கம் நகரத்தார் இருவர் புதிதாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்தபடி எந்த ஊர், எந்தக் கோவில் என்றுதான் பேச்சு போகும். இளையாத்தங்குடிக் கோவில் என்றால் அதோடு விடமாட்டார்கள், ஏழு பிரிவில் எது என்று அடுத்த கேள்வி வரும். சப்நெட் மாஸ்க் செய்வதும் இந்த விசாரிப்புதான். 192.168.1.10, 192.168.1.70 இரண்டும் /24 (முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால் போதும்) என்றால் ஒரே கூட்டம், நேராகப் பேசிக்கொள்ளலாம். அதையே /26 என்று பிரித்தால் கடைசி எண் 0 முதல் 63 வரை ஒன்று, 64 முதல் 127 வரை இன்னொன்று. இனி கேட்வே வழியாகத்தான் பேச்சு. (கல்யாணப் பேச்சில் மட்டும் இது தலைகீழ். பிரிவும் ஒன்றாகிவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.)

பாக்கெட் ட்ரேசரில் குறை என்றால், அதில் கேபிள் பழையதாவதே இல்லை. எலி கடிக்காது, வளைவில் ஒடியாது. நிஜம் வேறு மாதிரி. கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றிய ஒரு பெரிய வீட்டுக்குப் போயிருந்தேன். முகப்பில் வைத்த ரூட்டரின் சிக்னல் வளவை (உள்முற்றப் பகுதியை) தாண்டவில்லை. அந்தக் கனமான சுவருக்கு வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சட்டென்று அடங்கிவிடும், 2.4 கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். கட்டுக்கு ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி), நடுவில் கேபிள் என்பதுதான் வழி. வீட்டு ஆச்சி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சுவத்துல கை வைக்காம முடிச்சுக் குடுங்க தம்பி." நியாயம்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சில் துளை போட்டுவிட்டு, அதே பளபளப்பில் பூச ஆளை எங்கே தேடுவது? மரச்சட்ட ஓரமாகவே கேபிளைக் கொண்டுபோனேன். இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகளில் ஈதர்நெட் கேபிளின் 100 மீட்டர் எல்லையையும் மனதில் வைக்க வேண்டும்.

இரண்டாம் கட்டுக்கு முன்பே யாரோ இழுத்துவிட்டிருந்த கேபிள் ஒன்று இருந்தது. நெட் வந்தது, ஆனால் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே இல்லை. ரூட்டரும் ஆக்சஸ் பாயிண்டும் கிகாபிட். கம்பிக்கு ஒரு விளக்கு எரியும் கேபிள் டெஸ்டரில் போட்டால் ஏழாவது விளக்கு மட்டும் எரியவில்லை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும்; 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும், அதாவது ஆரஞ்சும் பச்சையும். பிரவுன் ஜோடியில் ஒரு கம்பி ஒடிந்ததால் இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. வெட்டிப் பார்த்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி. விலை குறைவென்று இதை வாங்காதீர்கள், வளைவில் ஒடியும். கிரிம்பிங் டூலோடு ஒரு சாதாரண டெஸ்டரும் அவசியம் வேண்டும்.

வயர்ஷார்க்கைத் திறந்ததும் வரிகள் அருவியாகக் கொட்டும், அதில்தான் பலர் மூடிவிடுகிறார்கள். 1998இல் ஈதரியல் என்று தொடங்கி, 2006இல் பெயர் மாறிய பழைய கருவி இது. ஃபில்டர் இல்லாமல் பார்க்கவே கூடாது. டிஎச்சிபி (கணினிக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் ஏற்பாடு) என்று மட்டும் ஃபில்டர் போட்டு, கணினி புதிதாக முகவரி வாங்கும்போது பார்த்தால் டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக் என்று நான்கு வரி வரும். ஒரு லாட்ஜில் சில அறைகளில் மட்டும் நெட் வராத பிரச்சினை. அங்கே ஒரு டிஸ்கவருக்கு இரண்டு இடத்திலிருந்து ஆஃபர் வந்தது. யாரோ பழைய ரூட்டர் ஒன்றை ஸ்விட்ச் மாதிரி மாட்டிவைத்து, அதன் டிஎச்சிபியை நிறுத்தாமல் விட்டிருக்கிறார்கள். அதை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. வயர்ஷார்க்கில் அடுத்தவர் பாஸ்வேர்டு தெரியுமா என்று கேட்பவர்களுக்கு: தெரியாது. தளங்கள் பெரும்பாலும் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தில் பூட்டியிருக்கின்றன, ஸ்விட்சும் அடுத்தவர் போக்குவரத்தை உங்கள் போர்ட்டுக்கு அனுப்பாது.

படித்தது கைகொடுத்த இன்னொரு இடம், சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊர் வீட்டுக் கேமராவைப் பார்க்க விரும்புகிறவர்கள். போர்ட் ஃபார்வர்டு செய்தும் (வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பிவிட்டும்) திறக்கவில்லை என்றால் ரூட்டரின் வேன் (WAN, இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், சேவை நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் ரூட்டரில் என்ன செய்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. கேமராவை நேராக இணையத்தில் திறந்துவைப்பதும் ஆபத்துதான், அதனால் விபிஎன் (இணையம் வழியே போகும் பூட்டிய தனிப் பாதை) வைத்துக்கொள்வதே மேல். அதுவும் இணைப்பை வீட்டிலிருந்தே வெளியே தொடங்கும் வகையாக இருக்க வேண்டும்.

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ தேர்வுக்கு 300 டாலரும் வரியும் ஆகும். என் தொழிலுக்கு அது தேவைப்படவில்லை. சென்னை, பெங்களூர் என்று வேலைக்குப் போகிறவர்கள் எழுதலாம். அதன் பயிற்சியில் பெரும்பகுதியைப் பாக்கெட் ட்ரேசரிலேயே செய்துவிடலாம், நிஜ ரூட்டர், ஸ்விட்ச் வாங்கிச் செலவழிக்க வேண்டாம்.