ஒரே உதறல், இரு பொருள்: உலர் கிளட்சும் ஈரக் கிளட்சும்

இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் (ஒற்றைப்படை, இரட்டைப்படை கியர்களுக்குத் தனித்தனிக் கிளட்ச் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸ்) உள்ள காரில் உதறல் தோன்றினால், அதிலிருப்பது உலர் கிளட்சா, எண்ணெயில் நனைந்து இயங்கும் ஈரக் கிளட்சா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இரு கியர்பாக்ஸ்களை எடுத்துக்கொள்வோம். போலோ ஜிடி டிஎஸ்ஐ, விர்ட்டஸ் 1.5 ஆகியவற்றில் வந்த 7 வேக டிகியூ200 உலர் வகை. ஆக்டேவியா டீசலில் வந்த 6 வேக டிகியூ250 ஈர வகை.

உலர் கிளட்சின் தட்டுகளைக் குளிர்விக்க எண்ணெய் கிடையாது. ஆகவே நெரிசலில் பிரேக்கைப் பாதி விட்டு ஊர்ந்துகொண்டே இருந்தால், அவை உரசிச் சூடாகி, முதல் இரண்டு கியர்களுக்கு இடையே மாறும்போது வண்டி உதறும். சில வேளை கருகிய வாடையும் வரும். காலையில் சீராக ஓடி, சூடேறிய பிறகு மட்டும் உதறினால் என் சந்தேகம் முதலில் தட்டுகள் மீதே விழும். இதைவிட எனக்குக் கவலை தருவது, கியர் மாற்றத்தை நடத்தும் மெக்கட்ரானிக் பகுதிதான். தட்டுகள் தேய்வதைப் பல மாதங்கள் முன்பே உணர்ந்துவிடலாம். இதுவோ முன்னறிவிப்பே இல்லாமல் வண்டியை நடுவழியில் நிறுத்திவிடக்கூடும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் நெரிசலில் ஓடும்போது செயற்கை கியர் ஆயிலால் மின்கோளாறு ஏற்படலாம் என்பதால், 2013இல் ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து அந்த ஆயிலுக்குப் பதிலாகக் கனிம ஆயிலை நிரப்பியது.

ஈரக் கிளட்சில் தட்டுகள், பற்சக்கரங்கள், மெக்கட்ரானிக் ஆகிய மூன்றும் ஒரே ஆயிலையே நம்பியிருக்கின்றன. அதனால் டி நிலைக்கு மாற்றியபின் வண்டி தயங்கி நகர்வது, கியர் மாறும்போது முதுகில் தட்டுவது போன்ற அதிர்வு, மெல்லிய உதறல் ஆகியவை தோன்றினால், 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஆயில், ஃபில்டர் மாற்றம் நடந்ததா என்பதற்கான பில்லைத் தேடுங்கள். அதைச் செய்யாமலேயே கிளட்ச் தொகுப்பை மாற்றச் சொல்பவரிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால், எந்த வகையானாலும் கிளட்ச் வழுக்குகிறது என்றே கொள்ளலாம். தாமதிக்காமல் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

எந்தக் கியர்கள் விழாமல் போயின என்பதும், இரு கிளட்சுகளில் எந்தப் பக்கம் பழுது என்பதற்கு ஒரு தடயம். டிகியூ200இல் ரிவர்ஸ் கியர் 2, 4, 6 ஆகியவற்றோடு ஒரே கிளட்சில் இருக்கிறது. டிகியூ250இல் அது 1, 3, 5 ஆகியவற்றின் பக்கம். பழைய கார் வாங்குபவர், அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடேற்றிய பிறகு, சிறு மேட்டில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றிப் பார்த்துவிட்டே விலை பேச வேண்டும்.