ஒனகாவா ரயிலடிக் கடைத்தெருவும் வெந்நீர்க் குளியலும்

ஜப்பானின் செண்டாயில் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் மட்சுஷிமா தீவுகளைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். போன அக்டோபரில் அம்மா வந்தபோது மட்டும் அதையும் தாண்டி ஒனகாவா என்ற கடலோர ஊருக்குக் கூட்டிப் போனேன். நாங்கள் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்துக்காரர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் வீடு போனது. அதற்கப்புறம் சுனாமி குடியிருப்பில்தான் வளர்ந்தேன். அலை அடித்த இன்னொரு ஊரை எப்படித் திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்று அம்மா பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். செண்டாயிலிருந்து இஷினோமாகி வரை ஒரு மணி நேரம், அங்கே வண்டி மாறினால் அரை மணிக்குள் ஒனகாவா. இந்த இரண்டாவது வண்டி அடிக்கடி ஓடாது, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். கடைசி அரை மணியில் வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மங்கோகு உரா என்ற பெரிய உப்பங்கழி கூடவே வரும், தண்ணீரில் சிப்பி வளர்க்கும் கம்புகள் வரிசையாக நிற்கும். "நம்ம கழி மாதிரியே இருக்குடி" என்று அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

ஒனகாவாவோடு தண்டவாளம் முடிகிறது. 2011 மார்ச் 11 சுனாமிக்கு முன்னால் இது சுமார் 10,000 பேர் வாழ்ந்த ஊர். துறைமுகத்தில் அன்று அலையின் உயரம் 14.8 மீட்டர். 800 பேருக்கு மேல் இறந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் அடியோடு போயின. பழைய ரயில் நிலையமும் போனது. இப்போதிருக்கும் நிலையம் சுமார் 200 மீட்டர் உள்ளே தள்ளி 2015 மார்ச் 21 அன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர். வெள்ளைக் கூரை சிறகு விரித்த கடற்புறா போல இருக்கும், உள்ளே அண்ணாந்தால் மரச்சட்டங்கள் பின்னிப்போட்ட கூடை மாதிரி தெரியும். 2011-லேயே இந்த ஊரின் பேஸ்பால் மைதானத்தில் கப்பல் கன்டெய்னர்களை மூன்று மாடி வரை அடுக்கி 189 தற்காலிக வீடுகள் கட்டிக்கொடுத்தவரும் இவர்தான். மலையும் கடலும் நெருக்கிப்பிடித்த ஊரில் சமநிலம் ஏது? அதனால்தான் மேலே மேலே அடுக்கினார்.

நிலையத்தின் மாடியில் 'யுப்போப்போ' என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலறை இருக்கிறது. ரயிலடியில் எதற்குக் குளியலறை என்று முதல்முறை எனக்கும் தோன்றியது. ஆனால் சுனாமிக்கு முன்பே பழைய நிலையத்துக்குப் பக்கத்தில் இதே பெயரில் ஒன்று இருந்தது, ஊரார் தினசரி வந்து போன இடம். அதைத்தான் மறுபடி நடு ஊரில், நிலையத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். ஓய்வெடுக்கும் இடத்துச் சுவரில் ஓடுகளால் ஆன ஒரு பெரிய மரம் உண்டு. அதிலுள்ள பூக்கள் நாடெங்கும் இருந்து மக்கள் வரைந்து அனுப்பியவை. நான் முன்பு வந்தபோது குளித்திருக்கிறேன். தண்ணீர் மிதமான சூடு, சுத்தம் குறை சொல்ல முடியாது. சாயங்காலத்தில் பாட்டிமார் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அம்மாவோ துணியில்லாமல் பொதுவில் குளிப்பதா என்று வர மறுத்துவிட்டாள். சரி, நிலையத்துக்கு வெளியே காசில்லாமல் கால் நனைக்கும் தொட்டி இருக்கிறதே! சேலையை முழங்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தாத்தா கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கண்ணை மூடி இருந்தார். பேச பாஷையில்லை. கிளம்பும்போது மட்டும் இரண்டு பேரும் தலை குனிந்து வணங்கிக்கொண்டார்கள்.

அந்தத் தொட்டி ஓரம் உட்கார்ந்தபடி பார்த்தாலே கடல் தெரியும். எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான். நிலைய வாசலிலிருந்து அகலமான செங்கல் பாதை நேரே கடலைப் பார்த்து இறங்குகிறது. வண்டிகள் கிடையாது. புத்தாண்டு அன்று சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து அதைப் போட்டிருக்கிறார்கள். பாதையின் இரு பக்கமும் 'சீபால்பியா' கடைத்தெரு, 2015 டிசம்பரில் திறந்தது. எல்லாம் ஒரே தள மரக்கட்டடங்கள், சரிவான கூரை, நடுநடுவே மரங்கள், பெஞ்சுகள். வடிவமைத்தவர் ரியே அசுமா என்ற கட்டடக் கலைஞர்.

இந்தக் கரையில் பல ஊர்களில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே மலை மாதிரி சுவர் எழுப்பிவிட்டார்கள். நின்று பார்த்தால் காங்கிரீட்தான், கடல் சத்தம்கூடச் சரியாகக் கேட்காது. ஒனகாவா வேறு வழி எடுத்தது. மலைகளை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டித் தாழ்நிலத்தை உயர்த்தினார்கள். வெட்டிய மலைமேல் வீடுகள், உயர்த்திய நடுப்பகுதியில் கடைகளும் நிலையமும், கடலோரத் தாழ்நிலத்தில் மீன் வேலைகள் மட்டும். ராத்திரி தூங்கும் இடத்துக்கு அலை வராது, பகலில் கடல் கண்ணை விட்டு மறையாது. மீன்பிடித்துப் பிழைக்கிற ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்கள் அப்பாயியைப் பார்த்த எனக்குத் தெரியும். பழைய வீட்டில் வாசலில் குந்தியபடியே காற்றின் திசை பார்த்து, இன்றைக்குக் கட்டுமரம் இறங்குமா இறங்காதா என்று சொல்லிவிடும். புதுக் குடியிருப்புக்கு மரங்களையெல்லாம் வெட்டி மட்டம்போட்டு வீட்டை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். திண்ணையும் இல்லை, நிழலும் இல்லை. சாகும்வரை அப்பாயி மத்தியானத்தில் சுவரோரம் ஒரு முழ நிழலைத் தேடி நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

அதனால் எந்த ஊருக்குப் போனாலும், எதுவும் வாங்காமல் உட்கார எங்கே இடம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். செங்கல் பாதையில் நிலையத்திலிருந்து கடல்வரை அம்மா நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். யாரும் எழுப்பவில்லை.

கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டார் செய்யும் பட்டறை, ஸ்பெயின் பாணி ஓடுகளுக்கு வண்ணம் தீட்டும் பட்டறை, சோப்புக் கடை, காபிக் கடை என்று கலவையாக இருக்கும். அட்டைப்பெட்டி செய்யும் கடைக்காரர் முழு அளவு லம்போர்கினி காரையே அட்டையில் செய்து நிறுத்தியிருக்கிறார், குழந்தைகள் விடவே மாட்டார்கள். இடம் தனித்தனி முதலாளிகளின் சொத்து இல்லை. ஊரும் வணிகர்களும் சேர்ந்து தொடங்கிய ஒரு நிறுவனம் கட்டடத்தை வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுகிறது. ஒருவர் கடையை மூடினால் ஷட்டர் வருடக்கணக்கில் இறங்கிக் கிடக்காமல் அடுத்தவர் வந்துவிடலாம். இதையெல்லாம் யோசித்தது இளைஞர்கள். பேரழிவு நடந்த அடுத்த மாதமே வணிகர்கள் கூடியபோது, அறுபது வயதைத் தாண்டியவர்கள் பின்னால் நின்று துணை செய்வோம், முன்னால் நிற்க வேண்டியது இளையவர்கள் என்று பெரியவர்களே முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மேயரான யொஷியாகி சுடாவுக்கு வயது 39.

சாப்பாட்டுக்குக் கடல் பக்கம் கடைசியில் இருக்கும் 'ஹமா டெரஸ்' மீன் சந்தைக்குப் போங்கள். அம்மா முப்பது வருடம் மீன் கூடை சுமந்தவள். சாப்பிட உட்காரும் முன் ஒவ்வொரு மீனின் கண்ணையும் செவுளையும் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் இன்னிக்குப் புடிச்சது" என்றாள். சம்மா என்ற நீள மீன்தான் இந்த ஊர்ப் பெருமை, ஆனால் சில வருடங்களாக ஜப்பான் முழுக்கவே மீன்பாடு குறைந்துவிட்டது. நாங்கள் ஸ்காலப் சிப்பியும், இங்கே வளைகுடாவில் வளர்க்கும் சால்மனும் போட்ட சோறு வாங்கினோம். பச்சை மீனை அம்மா தொடவில்லை, சுட்ட சிப்பியை மட்டும் மூன்று வாங்கித் தின்றாள். நீங்கள் முடிந்தால் ஹோயா என்ற கடல் உயிரியைச் சுவைத்துப் பாருங்கள். இரும்பும் உப்பும் இனிப்பும் கலந்த ருசி, எல்லோருக்கும் ஒத்துவராது.

குறை இல்லாமல் இல்லை. கடைகள் சீக்கிரம் சாத்திவிடுவார்கள், நாலு மணிக்கு மேல் பாதை வெறிச்சென்று ஆகிவிடும். மனை தயாராக வருடங்கள் ஆனதில் பலர் காத்திருக்க முடியாமல் வெளியூர் போய்விட்டார்கள், இன்று ஊரில் இருப்பவர்கள் சுமார் 6,000 பேர்தான். வீடுகள் மேட்டில் இருப்பதால் வயதானவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஆஸ்பத்திரி மேட்டுக்கு நாங்களே மூச்சு வாங்கித்தான் ஏறினோம். கடலிலிருந்து 16 மீட்டர் உயரம் அது. அங்கேயும் கீழ்த்தளம் வரை தண்ணீர் வந்தது என்றதும் அம்மா கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றாள்.

பழைய சிறு போலீஸ் நிலையக் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். இரண்டு மாடி காங்கிரீட் கட்டடம், அடித்தூண்கள் பிடுங்கப்பட்டு ஒருக்களித்து விழுந்ததை அப்படியே வைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள தரையை உயர்த்திவிட்டதால் அது ஒரு பள்ளத்துக்குள் கிடக்கிறது. சரிவில் சுற்றி இறங்கும்போதுதான், இவ்வளவு நேரம் நடந்த செங்கல் பாதைக்குக் கீழே எவ்வளவு மண் கொட்டியிருக்கிறார்கள் என்பது உடம்புக்குப் புரியும். முறிந்த தூணிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா வேலிக்கு வெளியே நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

இன்னொன்று, நேரம் இருந்தால் தேடிப் பாருங்கள். 2011 ஏப்ரலில் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த இந்த ஊர்ப் பிள்ளைகள், அலை வந்து நின்ற இடத்துக்கு மேலே ஊரின் 21 கடற்கரைகளிலும் கல் நட முடிவு செய்து, தாங்களே ஒரு கோடி யென் நன்கொடை திரட்டினார்கள். பெரிய நிலநடுக்கம் வந்தால் இந்தக் கல்லுக்கு மேலே ஓடுங்கள், ஓட மறுப்பவரை இழுத்தாவது கூட்டிப் போங்கள், வீட்டுக்குத் திரும்ப நினைப்பவரைத் தடுத்து நிறுத்துங்கள் என்று அதில் செதுக்கியிருக்கிறது. நான் வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டாள். கடைசி வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அன்று காலை அப்பா வலையை எடுக்கத்தான் திரும்பிப் போனார்.

நாலரை மணி வண்டிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அம்மா மறுபடி கால் தொட்டிக்குப் போகலாம் என்றாள். அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தோம்.