சைலோவுக்கு ஏரேஷன் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் கவனம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரெடிமிக்ஸ் கான்கிரீட் ப்ளாண்டோ ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) செங்கல் யூனிட்டோ நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சைலோவில், அதாவது சிமெண்டும் சாம்பலும் கொட்டி வைக்கும் உயரமான தொட்டியில், ஏரேஷன் பேட் (துணி வழியாகக் காற்று ஊதிச் சரக்கை இறக்கும் தட்டு) பொருத்தித் தருகிறேன் என்று ஒருவர் இந்த வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயர், கம்பெனி எதையும் இங்கே போடவில்லை. எப்படிப் பேசி விற்கிறார், கடைசியில் எதைக் கொண்டுவந்து மாட்டுகிறார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ப்ளாண்டில் சிமெண்டுக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று என்று ரெண்டு சைலோ, ஒவ்வொன்றும் 100 டன். சாம்பல் வட சென்னை அனல்மின் நிலையத்திலிருந்து பல்கரில் (தூள் சரக்கு ஏற்றும் டேங்கர் லாரி) வருகிறது. தலைவலி கொடுப்பது சாம்பல் சைலோதான். ரெண்டு நாள் ஓட்டம் இல்லாமல் கிடந்தால் துகள்களுக்கு நடுவே இருந்த காற்றெல்லாம் வெளியேறி சரக்கு இறுகிவிடும். வால்வைத் திறந்தால் நடுவில் ஒரு குழி மட்டும் விழும். சுற்றிலும் இருப்பது கோனோடு (சைலோவின் கூம்பு வடிவ அடிப்பகுதி) ஒட்டி அப்படியே நிற்கும். மேலே பாதி சைலோ சரக்கு இருக்க, கீழே சரக்கை இழுத்துச் செல்லும் ஸ்க்ரூ கன்வேயர் வெறுமனே சுற்றும். பையன்கள் சுத்தியலை எடுத்துக் கோனைத் தட்டுவார்கள். தட்டித் தட்டிக் கோன் முழுக்கப் பள்ளம், அந்தப் பள்ளத்திலேயே சாம்பல் பிடித்துக்கொண்டு அடுத்த முறை இன்னும் பிடிவாதமாக நிற்கும்.

இதற்கு ஏரேஷன்தான் சரியான வைத்தியம், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. கோனின் கீழ்ப்பகுதியில் பேட் வழியாகக் காய்ந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில் கொடுத்தால் துகள்களுக்கு இடையே உரசல் குறைந்து சரக்கு தானாக இறங்கும். அந்த ஆள் பிழைப்பதே இந்த உண்மையை வைத்துத்தான்.

டெமோ பிரமாதமாக இருக்கும். ஒரு கண்ணாடித் தொட்டியின் அடியில் ஒரு பேட். அதன் மேல் நம் சைலோவிலிருந்தே எடுத்த சாம்பலைக் கொட்டி, காரிலிருந்து ஒரு சின்ன பிளோயரை இறக்கிக் காற்றைத் திறந்தார். சாம்பல் உலைத் தண்ணீர் போலக் கொதித்தது. மேலே வைத்த ஒரு நட்டு சட்டென்று மூழ்கியது. முதலாளி அசந்துவிட்டார். யார் செய்தாலும் அப்படித்தான் கொதிக்கும் என்பது விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஃப்ளை ஆஷின் துகள் அளவும் எடையும் அப்படி, எந்தத் துணி வழியாகக் காற்று வந்தாலும் மிதக்கும். டெமோவில் ஓடுவது சாம்பலின் குணம். அவருடைய சரக்கின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

கொட்டேஷனில் எல்லாமே ஒழுங்காக இருந்தது: ரெண்டு சைலோவுக்கும் பேட்கள், ஒவ்வொரு பேடுக்கும் சரக்கு பைப்புக்குள் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு, குறைந்த அழுத்த பிளோயர், காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர், முறை வைத்துத் திறந்து மூடும் டைமர் பேனல். நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பாதி அட்வான்ஸ், மீதி சரக்கு வந்ததும். லாரி வாசலில் நிற்கும்போதே மீதிச் செக்கையும் வாங்கிக்கொண்டார், பிளோயர் வேறு வண்டியில் வருகிறதாம்.

அந்த வேறு வண்டி வரவே இல்லை. அவருடைய ஃபிட்டர் எங்கள் கம்ப்ரசர் லைனிலிருந்து ஒரு ‘டி’ இணைப்பு போட்டு 7 பார் அழுத்தத்தை அப்படியே பேட்களுக்கு இழுத்தார். டிரையர் எங்கே என்று கேட்டதற்கு, லைனில் மாட்டியிருந்த ஒரு சின்னக் கிண்ணத்தைக் காட்டி “இதுவும் டிரையர்தான் சார்” என்றார். அது வெறும் வாட்டர் செபரேட்டர். பேனலுக்குப் பதில் ஒரே ஒரு பால் வால்வு. போனில் கேட்டால், “இப்போதைக்கு ஓட்டுங்க சார், பிளோயர் வந்ததும் மாத்திடலாம்.”

முதல் வாரம் சாம்பல் கொட்டியது, அளவுக்கு மேல் கொட்டியது. எல்லாப் பேடும் ஒரே நேரத்தில் 7 பாரில் திறந்தால் சாம்பல் ஸ்க்ரூவுக்கு அடங்காது. ஸ்க்ரூ நின்ற பிறகும் அதன் வழியாக வழிந்து, சரக்கை எடை போடும் வெயிங் ஹாப்பருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படி சாம்பல் கூடிப்போன ஒரு லோடை சைட்டுக்கு அனுப்ப முடியாமல் கொட்ட வேண்டியதாயிற்று. ஒரு நாள் பல்கர் இறக்கும்போது கீழே ஏரேஷனும் திறந்திருந்தது. மேலே இருக்கும் ஃபில்டரால் ரெண்டு காற்றையும் வெளியேற்ற முடியவில்லை. பிரஷர் ரிலீஃப் வால்வு தூக்கிக்கொண்டு, பக்கத்துக் கம்பெனியின் கார் பார்க்கிங் முழுக்கச் சாம்பல். அந்த வால்வு மட்டும் வேலை செய்யாமல் இருந்திருந்தால் சைலோவின் கூரையே போயிருக்கும்.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை. 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அதை 7 பாருக்கு அமுக்கி ஆறவிட்டால் 17, 18 கிராம் தண்ணீராகிவிடும். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் கொடுக்கும் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினாலே ஒரு லிட்டர் வந்துவிடும். அந்தக் கிண்ணம் சொட்டுத் தண்ணீரை மட்டும்தான் பிடிக்கும், அதுவும் நிரம்பும் வரைக்கும். ஆவியாக வருவது அதைத் தாண்டிப் போய், ராத்திரி குளிர்ந்த பைப்பில் தண்ணீராகி, காலையில் முதல் காற்றோடு பேடுக்குள் ஏறும்.

ஓட்டம் குறைந்து, கடைசியில் ஏரேஷன் போடுவதற்கு முன்பு இருந்ததை விட மோசமாக நின்றுபோனது. சிமெண்ட் சைலோவில் ஒரு பேடின் ஹோஸைக் கழற்றினேன். சாம்பல் நிறத் தண்ணீர் கையில் வழிந்தது, பின்னாலேயே களி. நான்-ரிட்டர்ன் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நிப்பிள் (இணைப்புக் குழாய்), அதனால்தான் காற்று நின்றதும் சிமெண்ட் பைப்புக்குள் திரும்பி வந்திருக்கிறது. சைலோ காலியானதும் பேடையே கழற்றிப் பார்த்தோம். துணியின் மேல் விரல் தடிமனுக்கு சிமெண்ட் கல்லாக இறுகிக் கிடந்தது, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் துணியோடு சேர்ந்து பெயர்ந்தது. துணி சட்டத்தில் இறுக்கப்படவில்லை, பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆலையிலிருந்து சூட்டோடு வரும் சிமெண்டுக்கு அந்தப் பசை எத்தனை நாள் தாங்கும்? ஒரு பேடின் துணி ஏற்கெனவே கழன்று ஸ்க்ரூவில் சுற்றியிருந்தது. சாம்பல் சைலோவில் கல்லாகவில்லை, இங்கே வரும் சாம்பல் தனியாக இறுகாது. பேட் முழுக்கச் சேறு பூசியது போல் அடைத்திருந்தது, அவ்வளவுதான்.

புகார் சொன்னதும் அவருடைய ஃபிட்டர் வந்தார். வந்தவர் எங்கள் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, “மேலே மேன்ஹோல் வழியா இறங்கி கம்பியால குத்தி விடு தம்பி” என்றார். நான் பக்கத்தில் இருந்ததால் நிறுத்தினேன். உள்ளே நிற்கும் சாம்பல் எந்த நொடியிலும் சரியும், சரிந்தால் ஆளை மூடிவிடும், இழுத்து எடுக்கவும் முடியாது. சைலோவுக்குள் புதைந்து செத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. பணம் போனதைக் கூட விடுங்கள், இதைச் சாதாரணமாகச் சொன்ன அந்தக் குரலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்துதான் சரிசெய்தார். பிளோயர் வாங்கவில்லை. கம்ப்ரசர் டேங்குக்குப் பிறகு காற்றைக் குளிரவைத்து ஈரம் எடுக்கும் ரெஃப்ரிஜிரேஷன் டிரையர், டேங்குக்கும் டிரையருக்கும் தண்ணீரைத் தானாக வெளியேற்றும் ஆட்டோ டிரெயின், அதன் பிறகு ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தை அரை பாருக்குப் பக்கத்தில் இறக்கினார். பேட்கள் வரிசை வரிசையாகச் சில நொடிகள் திறந்து மூடும். ஸ்க்ரூ ஓடும்போது மட்டும்தான் காற்று, பல்கர் இறக்கும்போது கிடையாது. “காத்து எங்கேருந்து வருது, எவ்வளவு காஞ்சிருக்குன்னு கேக்காம பேட் விக்கிறவன் கிட்ட எதையும் வாங்காதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உங்களிடம் யாராவது வந்தால் டிரையரின் பிரஷர் டியூ பாயிண்ட் (அமுக்கிய காற்றின் ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு என்று கேளுங்கள். ரெஃப்ரிஜிரேஷன் டிரையர் என்றால் 3 டிகிரி பக்கம் சொல்வார்கள். கேள்வியே புரியாமல் முழித்தால் வாசலைக் காட்டிவிடுங்கள்.

பேட் விற்ற அந்த ஆளின் பதில் நோட்டீசில், உங்கள் சாம்பலே ஈரம் என்று இருக்கிறது. ஈரச் சாம்பலைப் பல்கரிலிருந்து காற்றால் ஊதி சைலோவுக்கு ஏற்றவே முடியாது, ஹோஸிலேயே நின்றுவிடும் என்பது பல்கர் டிரைவருக்குக் கூடத் தெரியும். நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று நினைத்தோம். 2019 சட்டப்படி தொழிலுக்காக வாங்கியவர்களுக்கு அங்கே இடமில்லை, சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களுக்கு மட்டும்தான் விலக்கு என்றார் வக்கீல். தொகை 3 லட்சத்துக்கு மேல் என்பதால் வணிக நீதிமன்றம், அதற்கும் முன்னால் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். இப்போது அந்தக் கட்டத்தில் நிற்கிறோம்.

கழற்றிய பேட்களை ஸ்டோரில் வைத்திருக்கிறேன், சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம். ஏற்கெனவே அவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மீதியை இப்போதே நிறுத்துங்கள். கொட்டேஷனில் உள்ள ஒவ்வொரு பொருளும் ப்ளாண்டில் இறங்கி, மாட்டி, ஒரு மழைக்காலமாவது ஓடிய பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.